பேட்டரியை நானே மாற்றலாமா?

‘‘காரின் பேட்டரியை நானே மாற்றினால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பழுதாகிவிடுமா?’’

வரிசை தவறாமல் செய்தால் ஆகாது. வோல்ட், ஆம்பியர், பிளஸ் முனை இருக்கும் பக்கம் மூன்றும் பழைய பேட்டரியைப் போலவே இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். வயரின் நிறத்தை நம்பாமல், பேட்டரி மேல் இருக்கும் குறியைப் பாருங்கள். இடம் மாற்றி மாட்டினால் ஆல்டர்னேட்டர், கம்ப்யூட்டர் இரண்டும் பழுதாகலாம். ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கமும் வேண்டாம், மின்னழுத்தம் எகிறிவிடும். மாற்றியபின் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், அது பழுதல்ல. பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.