அடங்காத் தமிழரின் பேத்தி

நெடுங்கேணி முதியவர்களுக்குச் சி. சுந்தரலிங்கத்தை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. 1947இல் வவுனியாத் தொகுதியில் வென்று, மறு ஆண்டே குடியுரிமைச் சட்டப் பூசலில் அமைச்சுப் பதவியைத் துறந்த 'அடங்காத் தமிழன்' அவர். அவருடைய பேத்தி ஆனந்தவல்லி பரதக் கலைஞர். சிட்னியில் லிங்காலயத்தை நிறுவியவர். அவருடைய வாழ்க்கையை வேராகக் கொண்டு மகன் சக்திதரன் எழுதிய 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' 2019இல் சிட்னி நகர மண்டபத்தில் அரங்கேறியது.

நம்மவர் பேச்சிலோ பாட்டனும் கொள்ளுப்பேரனும்தான்! நடுவே ஆடியவர் வெறும் 'தாயார்'. சிறுமியாய் மேடையேறி, பின்னர் ஒரு தலைமுறையையே ஆட்டுவித்தவருக்கு இதுதானா அடைமொழி?

நெடுங்கேணியிலும் சிட்னியிலும் நம் தகப்பன்மார் ஒரே சாதிதான். அரங்கேற்றத்துக்குக் கடன்படுவார்கள், அழைப்பிதழை ஊரெல்லாம் கொடுப்பார்கள். "ஆட்டமே என் தொழில்" என்று மகள் சொன்ன மறுகணம், சலங்கை பெட்டிக்குள் போய்விடும். பிறகெதற்கையா அந்தக் கடன்?