சைதாப்பேட்டைக்கு ஓர் உயர்ந்த செவி

தமிழ் பயிலும் மாணவனுக்குக் கேபிளோடும் கம்பத்தோடும் என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைக்கின்றனர். இலக்கணம் கற்பவனும் ஆற்றங்கரையில்தானே குடியிருக்கின்றான் என்பதே அவர்கட்கு யான் கூறும் விடை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் இரவு எனக்கு வயது ஒன்பது. செம்பரம்பாக்கம் ஏரியினின்று வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பெற, அடையாறு இரு கரையும் புரண்டு வந்தது. சைதாப்பேட்டைப் பாலத்தின்மேல் போக்குவரவு நின்றது. மின்சாரம் போயிற்று, சிறிது பொழுதில் கைப்பேசிகளும் ஊமையாயின. எம் பாட்டியார் அக்கரையில் ஈக்காட்டுத்தாங்கலில் தனியே இருந்தார். எங்கள் வீட்டினின்று நடந்தால் அரைமணிப் பொழுதே ஆகும் அவ்விடத்திலிருந்து, அவர் உயிரோடிருக்கின்றார் என்னும் ஒரு சொல் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் முன்பின் அறியாத இளைஞர் ஒருவர் ஈரத் துண்டுக் காகிதமொன்றைக் கொணர்ந்து என் தந்தையாரிடம் கொடுத்தார். அவ்விரண்டு நாளும் என் தாயார் உண்டதை யான் கண்டிலேன்.

அன்று நம்மிடம் கருவி இல்லாமலில்லை. வீட்டுக்கு இரண்டு கைப்பேசி இருந்தன. ஆனால் கைப்பேசியோ தன் கோபுரம் உயிரோடிருந்தாலன்றிப் பேசாது. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் அற்றால் மின்கலம் சில மணி நேரம் தாங்கும். அதன்பின் டீசல் கொண்டுசெல்ல வழி வேண்டும். வழியெல்லாம் வெள்ளமாயின் யாது செய்வது?

ஹாம் என வழங்கும் பொழுதுபோக்கு வானொலி அன்பர்களின் கருவிக்கு இத்தகைய அடிமைத்தனம் இல்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, வானொலிப் பணிக்கென முன்னரே போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவர் குழுவினரும் அத்தீவுகளின் செய்திகளைத் தாயகத்துக்கு அனுப்பியதை நாடறியும். நம் நகருக்கும் இக்கலையில் பழங்குடிப் பெருமை உண்டு. கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலியோர் 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை மாகாண ரேடியோ சங்கத்தை நிறுவி, ஜூலை 31-இல் ஒலிபரப்பையும் தொடங்கினர். ஆயினும் பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அச்சங்கம் ஓய்ந்தது. தொடங்குவதற்குக் கிடைக்கும் கை, நடத்துவதற்குக் கிடைப்பதில்லை. இதனைப் பின்னும் கூறுவேன்.

கையிலடங்கும் ஹாம் கருவி 5 வாட் ஆற்றலுடையது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அதன் அலை ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வது. மாடி வீடுகள் நெருங்கிய சைதாப்பேட்டைத் தெருக்களில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே தளர்ந்துவிடும். ஆதலின், உயரத்திலிருந்து அக்குரலைக் கேட்டு, அதே கணத்தில் வேறோர் அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர் வேண்டப்படுகின்றது. 100 அடி உயரத்தில் ஆன்டெனா நின்றால், கணக்குப்படி 20 கிலோமீட்டருக்கு மேலும் அதற்குத் தொடுவானம் விரியும். ஏறத்தாழ 300 அடி உயர்ந்த பரங்கிமலை அருகிருக்க நமக்கு வேறொன்று எதற்கு என்பாரும் உளர். மலையின் செவி நகர் முழுவதற்கும் பொதுவானது; சந்தின் உள்ளிருந்து வரும் மெல்லிய குரலுக்கு அண்மையிலும் ஒரு செவி வேண்டுமென்பதே என் கருத்து. அன்றியும், ஒன்று விழுந்தால் மற்றொன்று நிற்கும்.

இங்ஙனம் அமைக்க முற்படுவோர் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்று உண்டு. பணத்தையெல்லாம் பெட்டிக்குச் செலவிட்டு, ஆன்டெனாவுக்கும் அதனைப் பெட்டியோடு இணைக்கும் கேபிளுக்கும் எஞ்சிய சில்லறையை ஒதுக்குகின்றனர். விரற்கடையினும் மெல்லிய மலிவான கேபிளை 100 அடி இழுத்தால், ஏறிச்செல்லும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்கு வழியிலேயே வெப்பமாய் அழியும். அரை அங்குலத் தடிப்புள்ள நெளிசெம்புக் கேபிளிலோ ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அழியும். ஆற்றலைக் கூட்டி அனுப்பினால் போகின்றது என்பர் சிலர். அனுப்புவதற்கு அது பொருந்தும், கேட்பதற்குப் பொருந்தாது! வெள்ளத்தில் கூரைமேல் நிற்பவன் கையிலுள்ளது 5 வாட் கருவியே. இழிந்த கேபிள் வழியாக அவன் குரல் இறங்கும்போது ஒன்றேகால் வாட் கருவியின் குரலாகிவிடும். உரக்கப் பேசியும் காது கேளாத ரிப்பீட்டரால் யார்க்கு என்ன பயன்? ஆன்டெனாவின் உறுப்போ, பாதி அலைநீளம் கொள்வதாயினும், ஒரு மீட்டருக்குள் அடங்கும் எளிய உலோகக் கோல். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்ச வேண்டியது மூட்டுகளுக்கே.

இதனை யான் நூலிற் படித்து எழுதவில்லை. எங்கள் தெருவில் ஹாம் உரிமம் பெற்ற பெரியவர் ஒருவர் மாடியில், நண்பர் மூவர் கூடி ஓர் ஆன்டெனாவை நிறுத்தினோம். முதல் மழைவரை எல்லாம் நன்றாயிருந்தது. பின்னர்க் குரல்கள் நாளுக்கு நாள் மங்கின. கருவியைப் பழித்தோம்; இருமுறை பழுது பார்ப்பவரிடம் கொடுத்தோம்; அவர் குறையொன்றுமில்லை என்றார். இறுதியில் மாடியேறி மூட்டை அவிழ்த்தபோது உள்ளிருந்து நீர் சொட்டியது. கேபிளை அறுத்துப் பார்க்க, முழங்கைத் தொலைவுக்குச் செம்புப் பின்னல் கறுத்துப் பச்சை பூத்திருந்தது. சாதாரண மின்நாடாவைச் சுற்றியது எம் பிழை. தன்னோடு தானே ஒட்டி உருகிச் சேரும் ரப்பர் நாடாவைச் சுற்றி, அதன்மேல் மற்றதைச் சுற்றியிருக்க வேண்டும். கேபிள் வீட்டினுள் நுழையுமுன் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, மழைநீர் அவ்வளைவிலே சொட்டிப்போகச் செய்திருக்க வேண்டும். கடற்காற்று உப்பைச் சுமந்துவரும் இந்நகரில் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சும் வேண்டும். இடிதாங்கியும் தரையிணைப்பும் இன்றிக் கம்பம் நடுவோரை யான் மன்னிக்கமாட்டேன்.

இடத்துக்கு எங்குச் செல்வது? உயர்ந்த கட்டடம் நம் கல்லூரிகட்கும் பள்ளிகட்கும் உண்டு. மின்கலத்தைக் கீழ்த்தளத்தில் வையாது மாடியில் வைத்தால் வெள்ளம் தொடாது. ரிப்பீட்டருக்கு அரசினர் அனுமதி வேண்டும். கருவியைக் கையாள்வோர் அரசினர் தேர்வில் தேறவேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பியவர் யாரும் அத்தேர்வு எழுதலாம். ஆதலின் மாணவர்க்கு இது எட்டாக் கனியன்று. கட்டடத்துக்கு உடையவர்கள் ஒரு மூலையைக் கொடுக்க இசைதல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கம்பம் அழகைக் கெடுக்கும் என்னும் விடையை ஓரிடத்தில் முன்னரே கேட்டேன்.

இனிப் பராமரிப்பு. 1726-இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் அடையாற்றின்மேல் மர்மலாங் பாலத்தைத் தம் பொருளாற் கட்டினார். கட்டியதோடு அமையாது அதனைப் பேணுதற்கென்றும் தனியே பொருள் வைத்துச் சென்றார். இன்று அவ்விடத்திலுள்ள பாலம் வேறு. எனினும் அவருடைய இரண்டாம் கொடையையே யான் முதற்கொடையினும் மேலாக மதிக்கின்றேன். ரிப்பீட்டர் வைக்க நிதி திரட்டுவோர், ஆண்டுதோறும் கம்பமேறி மூட்டுகளை அவிழ்த்துப் பார்ப்பதற்கும் சேர்த்தே திரட்டுக. மாதத்துக்கு ஒரு நாள், மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்தி, மின்கலத்தில் மட்டும் அதனை நடத்திப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

எங்கள் மாடி ஆன்டெனாவைப் புதிய கேபிளோடு மீண்டும் நிறுத்தினோம். சென்ற புரட்டாசியில், மழைக்கு முன், நாடாவைப் பிரித்து மூட்டை அவிழ்த்தேன். செம்பு செம்பாகவே இருந்தது. மீண்டும் சுற்றிவிட்டு இறங்கினேன்.