“இங்கிலீஷ்ல போட்டுடுங்க டீச்சர்”

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அப்பா 1988-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது அவன் இல்லை. “அப்பாவோட சின்ன வயசு போட்டோ ஒன்னுகூட எங்ககிட்ட இல்ல டீச்சர். உங்ககிட்ட குரூப் போட்டோ இருக்குதுன்னு சொன்னாங்க” என்றாள்.

இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். 340 படங்களை ஸ்கேன் செய்து, அட்டையின் பின்னால் எழுதியிருந்த பெயர்களை வரிசை வாரியாகப் படத்தின் கேப்ஷனில் தமிழில் தட்டச்சு செய்து வைத்தேன். எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் பாதி அட்டைகளைக் கரையான் தின்றுவிட்டது. பழைய லேப்டாப் போய், மகன் புதிது வாங்கிக் கொடுத்தான். படங்கள் பத்திரமாக வந்துவிட்டன என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் படத்தைத் திறந்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள். கீழே பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர், மறுபடியும் ஏ, மறுபடியும் ஆர். இரண்டு பக்கத்துக்கு அதே கிறுக்கல். கடைசியில் அவனை நான் காதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மூன்றாம் வரிசை, இடமிருந்து நான்காவது. பத்து நிமிடம் ஆனது. எனக்கு 66 வயது. பத்து வருஷம் கழித்து அவன் காதை யாருக்குத் தெரியும்?

கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டு போனேன். அந்தத் தம்பி பார்த்த மாத்திரத்தில் சொன்னான்: “தமிழ்ல அடிச்சா இப்படித்தான் ஆகும். இங்கிலீஷ்ல போட்டுடுங்க டீச்சர், பிரச்சினையே வராது.” என் மகனும் அதையேதான் சொன்னான். கூடவே வேலை பார்த்த ஒரு தலைமையாசிரியரும் அதையே சொன்னார். இந்த அறிவுரையை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதலில், தமிழ் கெட்டுப்போகவில்லை. சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி போனில் பொறுமையாக விளக்கினாள். யூனிகோடு தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டாகப் பதிவாகும். அதை ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துக்கொண்டு படித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் அந்தச் சாய்கோட்டு ஏ வந்து நிற்கும். அதாவது, நான் எழுதியது முழுதாக உள்ளேயே இருக்கிறது. படிக்கிறவன்தான் தப்பாகப் படிக்கிறான். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான், அதிலும் எழுத்து பத்திரம். வரிசையாகக் கேள்விக்குறி தெரிந்தால்தான் பயப்பட வேண்டும். ஏதோ ஒரு மென்பொருள் தமிழைத் தூக்கி எறிந்துவிட்டுக் கேள்விக்குறியையே எழுதி வைத்திருக்கலாம். டிடிபி சென்டர் காலத்து பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தது என்றால் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். அதையும் மாற்றிக்கொள்ளக் கருவி உண்டு.

ஏன் இப்படி? படக்கோப்புக்குள் குறிப்பு எழுத மூன்று பைகள் இருக்கின்றன. முதலாவது, கேமராக்காரர்களின் எக்ஸிஃப். அதில் பட விளக்கம் என்ற இடம் ஆங்கில எழுத்துக்கு மட்டும் என்றே வகுக்கப்பட்டது. யுடிஎஃப்-8 எழுதலாம் என்று அதன் விதி திருந்தியது 2023-ல்தான். இரண்டாவது, பத்திரிகைச் செய்தி நிறுவனங்கள் வகுத்த ஐபிடிசி. அதில் தமிழ் எழுதலாம், ஆனால் ‘இது யுடிஎஃப்-8’ என்று ஓர் அடையாளம் சேர்த்து எழுத வேண்டும். அது விடுபட்டால் என் கதைதான். மூன்றாவது, 2001-ல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி. அது யூனிகோடிலேயே பிறந்தது. நீங்கள் ஒரு பையில் எழுதுகிறீர்கள், புது மென்பொருள் வேறொரு பையைத் துழாவிவிட்டு ‘கேப்ஷன் இல்லை’ என்கிறது.

ஐபிடிசியில் ஊர்ப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அளவு 32 பைட். அண்ணாகிராமம் என்று எழுதிப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஏழு எழுத்து. புள்ளியையும் காலையும் கொக்கியையும் தனித்தனியாக எண்ணுகிற கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டு. பன்னிரு மூன்று முப்பத்தாறு! அந்த விதியை அப்படியே கடைப்பிடிக்கிற மென்பொருள் ‘அண்ணாகிராம’ என்று நிறுத்தி, கடைசி ‘ம்’மைத் துண்டாக்கி ஒரு கேள்விக்குறியைத் தொங்கவிடும். பண்ருட்டிக்காரர்கள் தப்பித்தார்கள், அவர்களுக்கு 27. ஆங்கிலத்தில் எங்கள் ஊர் பத்தே பைட்டில் அடங்கிவிடும். அப்படியானால் பெட்டியைச் செய்தவன் யாரை நினைத்துச் செய்தான்? சட்டை பிடிக்கவில்லை என்பதற்காகப் பிள்ளையின் கையை வெட்டச் சொல்கிறது அந்த அறிவுரை.

சரி, ஆங்கிலத்திலேயே போடுகிறேன். எந்த ஆங்கிலத்தில்? கெடிலம் ஆற்றங்கரைக்குப் போன சுற்றுலாப் படத்துக்கு ஒருவர் ‘கே’ போடுவார், ஒருவர் ‘ஜி’ போடுவார். தேடினால் பாதிதான் கிடைக்கும். வள்ளி யார், வல்லி யார்? தமிழரசி என்ற பெயரை நான்கு வீட்டில் நான்கு விதமாக எழுதுகிறார்கள். ல, ள, ழ மாறினால் காதைத் திருகிய தலைமுறை நாங்கள். அதையெல்லாம் இப்போது நானே கரைத்து ஒன்றாக்க வேண்டுமாம்.

கேப்ஷனுக்காக இவ்வளவு ரகளையா என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்துக் கதையையே சொல்கிறேன். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் அர்த்தநாரீஸ்வரர் சிலை திருட்டுப் போய், ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரக் கலைக்கூடத்துக்கு 2004-ல் விலைக்குப் போனது. அது நம்முடையது என்று காட்டியதில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1955-ல் தொடங்கிய நிறுவனம் அது. கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்து, எந்த ஊர், எந்தக் கோயில் என்று எழுதி வைத்தார்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்கு வந்து, ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு சேர்த்து அதைக் கொடுத்துவிட்டுப் போனார். படம் மட்டும் இருந்து, ‘விருத்தாசலம்’ என்ற குறிப்பு இல்லாமல் போயிருந்தால்? அழகான சிலை என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்.

மென்பொருள் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடையாளம் இல்லாவிட்டாலும், இந்த பைட்டுகள் யுடிஎஃப்-8 விதிக்குப் பொருந்துகின்றனவா என்று சோதித்துப் பார்ப்பது உங்களுக்குச் சின்ன வேலை. நான்கு வார்த்தைத் தமிழ் தற்செயலாக அந்த விதிக்குள் வந்து விழாது. தமிழ் யூனிகோடில் ஏறியது 1991-ல். தமிழக அரசே 2010-ல் அதை ஏற்றாயிற்று. இன்னும் எங்களை ஐரோப்பியர் என்று நினைத்துப் படிக்காதீர்கள்.

நம் பங்குக்கு வருவோம். பெயர் எழுதிய படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் குறிப்பெல்லாம் உதிர்ந்துவிடும். ‘டாகுமென்ட்’ என்று அனுப்புங்கள். கூகுள் போட்டோஸில் எழுதுகிற விளக்கம் படத்துக்குள் போவதில்லை, அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது. மொத்தமாக இறக்கினால் தனிக் கோப்பாகத்தான் கையில் கொடுப்பார்கள். டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில், கேப்ஷனைப் படத்துக்குள்ளேயே எழுது என்ற தேர்வை அமைப்பில் டிக் செய்துவிட்டுத் தமிழில் அடியுங்கள். என் 340 படங்களையும் மீட்டது எக்ஸிஃப்டூல் என்ற இன்னொரு இலவசக் கருவி. ஐபிடிசியை யுடிஎஃப்-8 என்று படித்து எக்ஸ்எம்பிக்கு மாற்று என்று மாணவி சொன்ன ஒரு வரிக் கட்டளை, ஐந்து நிமிடம். முதலில் வேறொரு பென் டிரைவில் நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் செய்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அந்தப் பெண்ணுக்குப் படத்தைப் பிரிண்ட் போட்டு, பின்னால் என் கையெழுத்தில் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதுதான் கவனித்தேன், இரண்டாம் வரிசை வலது ஓரத்தில் நிற்கும் இரண்டு பிள்ளைகளின் பெயரை நான் தொடக்கத்திலேயே எழுதாமல் விட்டிருக்கிறேன். அந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. படத்தை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். ஒருத்தி ரெட்டை ஜடை, இன்னொருவன் கையில் சிலேட்டு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.