கிடார்க் கம்பியும் ஒரு சாண் வயிறும்

"பாட்டுப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்காத தகப்பனார் நம் நாட்டில் உண்டோ? மாலை வேளையில் பொழுதுபோக்காகக் கற்றால் எவரும் இப்படிக் கேட்பதில்லை. அது பெருமைக்கு, பிழைப்புக்கு அன்று என்று முன்னமே முடிவாகி விடுகிறது. ஆனால் ஓர் இளைஞன் ஸ்டீல் கிடாரை மடியில் கிடத்திக்கொண்டு, "இதுவே என் தொழில், காலை முதல் இரவு வரை இதுதான்" என்று சொல்லட்டும். வீடே கிடுகிடுத்துப் போகும்.

இந்தக் கேள்வியை ஏளனம் செய்ய நான் வரவில்லை. வயிறு ஒரு சாண்தான்; ஆயினும் நாள் தவறாமல் கேட்கிறது. நான் சொல்ல வருவது வேறு. ஸ்டீல் கிடார் ஒருவனுக்கு முழுநேரப் பிழைப்பைத் தருமா என்பது கிடாரைப் பற்றிய கேள்வியே அன்று. அதைக் கேட்டு இன்புறும் நம்மைப் பற்றிய கேள்வி. வாசிப்பதையும் ஒரு வேலை என்று மதித்துக் கூலி கொடுக்கும் ஊரில் அவன் வாழ்வான். பொன்னாடை போர்த்தி வழியனுப்பும் ஊரில் அவன் வேறு வேலை தேடுவான்.

கருவியை அறியாத அன்பர்களுக்காகச் சில சொற்கள். ஸ்டீல் கிடார் என்றால் கம்பி எஃகு என்பதனால் வந்த பெயர் அன்று. இடக் கையில் பிடித்துக் கம்பிகளின்மேல் வழுக்கிச் செல்லும் எஃகுத் துண்டுதான் அதற்கு அப்பெயரைத் தந்தது. கோட்டுவாத்தியம் கேட்ட தமிழர்க்கு இந்த இன்பம் புதிதன்று. அங்கே மரக்கட்டை, இங்கே எஃகுக் கட்டை. இரண்டிலும் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே படிக்கட்டு இல்லை, சறுக்குமரம்தான் உண்டு. நம் பழைய சினிமாப் பாட்டுக்களின் இடையிசையில் நெஞ்சை இழுத்துக்கொண்டு போகும் அந்த நீண்ட ஒலியைக் கேளாத தமிழர் யார்?

இதன் தாயகம் ஹவாய்த் தீவுகள். ஜோசப் கெகூகு என்ற ஹவாய் இளைஞர் 1880களின் இறுதியில் இம்முறையைக் கண்டார் என்பது பெரும்பாலோர் கொள்கை. 1904ல் அவர் அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கப்பல் ஏறினார், மேடை மேடையாக வாசித்தார், ஐரோப்பாவிலும் சுற்றினார், மாணவர்களுக்குக் கற்பித்தார். கவனியுங்கள், தோழர்களே! வாசிப்பு, பயணம், பாடம் என்ற மூன்று கால்களின் மேல்தான் இத்தொழில் அன்றே நின்றது. ஒற்றைக் காலில் அது ஒருநாளும் நின்றதில்லை.

1915ல் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஹவாய் இசைக்கு அமெரிக்கா மயங்கியது. அந்த மயக்கம் ரிகார்டுகளின் வழியே கடல் கடந்து நாம் படிக்கும் இந்தக் கல்கத்தா நகருக்கும் வந்தது. ஸமோவாவில் பிறந்து ஹவாயில் வளர்ந்த டாவ் மோ, 1940களில் குடும்பத்தோடு இங்கே தங்கினார், வாசித்தார், கற்பித்தார். கார்னி நைஸ் என்பாரின் 'அலோஹா பாய்ஸ்' குழு இந்நகரின் செல்லப் பிள்ளையாய் விளங்கியது. வங்காளிகள் இந்தக் கருவியை அந்நியம் என்று தள்ளவில்லை. ரவீந்திரரின் பாடல்களில் வரும் வளைவுகளும் குழைவுகளும் எஃகுக் கட்டையின் அடியில் இயல்பாக விழுந்தன. கவிஞர் நஸ்ருலின் மகன் காஜி அனிருத்தர், பட்டுக் நந்தி, சுனில் கங்குலி போன்றோர் இதிலே பெயர் பெற்றார்கள். ஒருகாலத்தில் பூஜை வந்தால் புதுத் துணியோடு புது ரிகார்டும் வாங்குவது இங்குள்ள வழக்கம்; அந்த ரிகார்டுகளில் ஹவாயன் கிடாருக்கும் ஓர் இடம் இருந்தது.

அந்நாளில் ஸ்டீல் கிடார்க் கலைஞர் எப்படி வாழ்ந்தார்? ரிகார்டுக் கம்பெனி ஒரு வாசல். சினிமா ஸ்டூடியோ இரண்டாம் வாசல். வானொலி மூன்றாம் வாசல். கலைஞரைத் தேர்வு செய்து தரம் பிரித்து, அத்தரத்துக்கு ஏற்ற தொகை கொடுப்பது அதன் முறை. வீடு வீடாய்ப் போய்ச் சொல்லிக்கொடுப்பது நான்காம் வாசல். ஒன்று அடைத்தால் மற்றொன்று திறந்திருக்கும். லக்னோவில் பிறந்த வான் ஷிப்லி பம்பாய் சினிமா உலகில் வாசித்துக்கொண்டே, மின்சார கிடாரில் சினிமா மெட்டுக்களைத் தனி ரிகார்டுகளாகவும் கொடுத்தார் என்றால், அதற்கு இத்தனை வாசல்கள் இருந்ததே காரணம்.

1980கள் முதல் மின்னணு கீபோர்டு ஸ்டூடியோக்களில் கால் ஊன்றியது. ஒரே மனிதர் ஒரே பெட்டியில் பத்து வாத்தியங்களின் சாயலை எழுப்பினார். முதல் இரண்டு வாசல்களும் மெல்ல மெல்லச் சாத்தப்பட்டன. ரிகார்டு போய், காசெட் போய், இன்று பாட்டு எல்லோருடைய சட்டைப்பையிலும் இலவசமாய்க் கிடக்கிறது. கடைசியில் பெரும்பாலோர்க்கு மிஞ்சியது பாடம் சொல்லும் வாசல் ஒன்றுதான்.

நான் மூன்று ஆண்டுகளாக இக்கருவியைக் கற்று வருகிறேன். என் ஆசிரியர் இதையன்றி வேறு தொழில் செய்யாதவர். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார்; ஆதலால் சொல்லவில்லை. காலையில் இரண்டு வீடுகளில் பாடம். பகலில் பிறருடைய கிடார்களுக்குக் கம்பி மாற்றுவது, பழுது பார்ப்பது. மாலையில் தம் வீட்டு முன்னறையில் வகுப்பு. ரவீந்திர ஜயந்தியின்போதும் பூஜை நாட்களிலும் மேடை. இது சுகவாழ்வன்று, ஆனால் மானமான வாழ்வு. அவருக்கு மாதம் ஒன்று போல் மற்றொன்று இராது. பள்ளி இறுதிப் பரீட்சை நெருங்கினால் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். அவர்களோடு சம்பளமும் நின்றுவிடும். வீட்டு வாடகை மட்டும் பரீட்சைக்கு லீவு எடுப்பதில்லை.

சென்ற ஆண்டு ஒரு விழாக் குழுவினர் அவரை அழைத்தனர். கிடாரை அவரும் ஆம்ப்ளிஃபயரை நானுமாகத் தூக்கிச் சென்றோம். பந்தல்காரருக்குப் பணம் முன்கூட்டியே போயிற்று. விளக்குக்காரரும் மைக்செட்காரரும் மேடைக்குப் பின்னால் நின்று கறாராய் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் வாசித்த கலைஞருக்கு ஓர் உத்தரீயம், ஒரு பூங்கொத்து, "உங்கள் ஆதரவு என்றும் வேண்டும்" என்ற ஒரு வாக்கியம்! வீடு திரும்ப டாக்ஸிக்கு அவரே கொடுத்தார். "மேடையில் என் பெயரை எத்தனை முறை சொன்னார்கள் என்று என் மளிகைக்காரர் கேட்பதே இல்லை" என்றார் சிரித்துக்கொண்டே. அவர் வீட்டு டிரங்குப் பெட்டி நிறைய உத்தரீயங்கள் கிடக்கின்றன.

வங்காளிகளைக் குறை சொல்லித் தப்பிக்க வேண்டாம். இங்கே உத்தரீயம், நம்மிடம் பொன்னாடை. நெய்த இடம்தான் வேறு. நம் சங்கத்தின் பொங்கல் விழாக் கணக்கையே புரட்டிப் பாருங்கள். மேடை அலங்காரம் உண்டு, அச்சுக் கூலி உண்டு, சிற்றுண்டி உண்டு. கலைஞர் என்ற இடத்தில் மட்டும் "நினைவுப் பரிசு" என்று ஒரு சிறு தொகை நிற்கிறது. அந்தப் பரிசும் பித்தளைக் குத்துவிளக்கு. எத்தனை குத்துவிளக்கைத்தான் ஒரு மனிதர் ஏற்றுவார்?

கடல் கடந்தும் சற்றே பார்ப்போம். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் இக்கருவி மிதிகட்டைகளோடு வேறு வடிவம் கொண்டது. 1954ல் வெளிவந்த 'ஸ்லோலி' என்னும் பாட்டில் பட் ஐஸக்ஸ் மிதித்து வாசித்த பிறகு, நாட்டுப்புறப் பாட்டுலகமே அந்த ஒலிக்கு ஏங்கியது. அங்கே ஸ்டூடியோ வாத்தியக்காரருக்குச் சங்கம் உண்டு. மூன்று மணி நேரம் ஓர் அமர்வு. அதற்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலி எழுத்தில் உண்டு. கலைஞர் ஒவ்வொரு முறையும் வாய் கூசிப் பேரம் பேச வேண்டியதில்லை. அந்நகரில் ஸ்டீல் கிடார் ஒரு தொழிலானதற்கு அங்கே காற்றில் இசை மிதந்தது காரணம் அன்று. இந்த விகிதப் பட்டியலும் ஒரு காரணம்.

அங்கும் பாதை பஞ்சு மெத்தை இல்லைதான். இக்கருவியின் சக்கரவர்த்தி என்று போற்றப்பட்ட பட்டி எம்மன்ஸ், கிடார் செய்யும் தொழிலிலும் ஈடுபட்டார்; 1960களின் பிற்பகுதியில் ரோஜர் மில்லரின் குழுவில் பேஸ் கிடார் வாசித்தார். மிதிகட்டை இல்லாத பழைய முறையை விடாப்பிடியாய்ப் பற்றி நின்ற ஜெர்ரி பர்ட், 1972ல் ஹவாய்க்கே குடியேறி, அத்தீவுக்காரப் பிள்ளைகளுக்கே அவர்களுடைய முன்னோர் கலையைக் கற்பித்தார். ஆகவே முழுநேரக் கலைஞன் என்றால் முழுநேரமும் கச்சேரி செய்பவன் என்று பொருளன்று. கருவியைச் சுற்றியுள்ள வேலை அனைத்தையும் செய்பவன் என்றே பொருள்.

"ஏன், விஸ்வமோகன் பட் கிராமி பரிசு பெறவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். பெற்றார், ரை கூடருடன் வாசித்த இசைத்தட்டுக்காக 1994ல் பெற்றார். அவருக்கு முன் பிரிஜ்பூஷண் காப்ரா இக்கருவியை ஹிந்துஸ்தானி ராக மேடையில் அமர்த்தினார்; 1967ல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராஸியா ஆகியோருடன் அவர் வாசித்த இசைத்தட்டை இன்றும் கேட்கிறோம். காப்ராவின் மாணவரான நம் கல்கத்தாவின் தேவாசிஷ் பட்டாச்சார்யா புதிய கிடார்களையே வடிவமைத்தார். இவர்கள் மலைச்சிகரங்கள். சிகரத்தைக் காட்டி, அடிவாரத்தில் இருப்பவனுக்கு அரிசி வேண்டாம் என்று சொல்லலாமா? அடிவாரத்தில் பாடம் சொல்லும் நூறு பேர் இல்லையேல் அடுத்த சிகரம் எங்கிருந்து எழும்?

"கலைக்கு விலை பேசலாமா?" என்பது அடுத்த ஆட்சேபம். நம் பாட்டனார்கள் பேசினார்கள்! கலியாணத்துக்கு நாகஸ்வரம் வைக்கும்போது தொகை பேசி, அச்சாரம் கொடுத்து, வழிச்செலவும் சாப்பாடும் தீர்மானித்த பிறகே முகூர்த்தப் பத்திரிகை அடித்தார்கள். அதனால் தோடி ராகத்தின் தெய்விகம் எந்த விதத்தில் குறைந்தது? விலை பேசாமல் இருப்பதே மரியாதை என்பது இடையில் முளைத்த வழக்கம். கொடுக்க மனமில்லாதவர்க்கு வசதியான வழக்கம்.

"சங்கத்தில் பணம் இல்லையே!" என்பது மூன்றாவது ஆட்சேபம். இது நியாயமானதுதான். மாணவர் சந்தாவில் எவ்வளவு மிஞ்சும்? ஆனால் நான் கூடுதல் பணம் கேட்கவில்லை. இருக்கும் பணத்தின் வரிசையை மாற்றச் சொல்கிறேன். ஐந்து கலைஞர்களை இனாமாக அழைப்பதை விட்டு இருவரைக் கூலிக்கு அழைப்போம். பூ அலங்காரத்தில் பாதியைக் குறைப்போம். அதுவும் முடியாதெனில், "எங்களால் இவ்வளவே இயலும்; சம்மதமா?" என்று முன்னதாகக் கேட்போம். மறுக்கும் உரிமையாவது கலைஞருக்குக் கிடைக்கும்.

வருகிற செயற்குழுவின் முன் மூன்று தீர்மானங்களை வைக்க விரும்புகிறேன். முதலாவது, தொகையை எழுதாமல் எந்தக் கலைஞருக்கும் அழைப்புக் கடிதம் போகக்கூடாது. இரண்டாவது, நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே, கலைஞர் கருவியை உறையில் இடுவதற்குள், பணம் அவர் கைக்குச் சேர வேண்டும். பக்கவாத்தியக்காரர்க்கும் தனியே சேர வேண்டும். மூன்றாவது, போக்குவரத்துச் செலவு சங்கத்தைச் சேர்ந்தது. பொன்னாடை போர்த்துவதற்கு நான் விரோதியல்லன். அது கூலிக்குப் பின்னால் வரட்டும்.

இசை கற்கும் தோழர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். பரீட்சை மாதத்தில் வகுப்புக்குப் போகாவிட்டாலும் சம்பளத்தை நிறுத்தாதீர்கள். கல்லூரி லீவில் நம் பேராசிரியர்களுக்குச் சம்பளம் நிற்கிறதா? நம் இல்லங்களுக்கு வந்து கற்பிப்பவர்க்கு மட்டும் ஏன் அந்தத் தண்டனை?

ஸ்டீல் கிடார் வாசித்து வாழ முடியுமா என்று இனி யாரேனும் கேட்டால், "நீங்கள் கடைசியாக ஒரு வாத்தியக்காரருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்தப் பதிலில் இந்தப் பதில் அடங்கியிருக்கிறது.