பெற்றோரே, சற்று வெளியே நில்லுங்கள்

வயிற்றுவலி என்றோ தலையிடி என்றோ பிள்ளையை வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்கின்றோம். அங்குள்ள தாதி, பிள்ளையுடன் தனியே பேச வேண்டும் என்று எம்மை வெளியே நிற்கச் சொன்னால், எம்மவரில் பலர் அதனை அவமதிப்பாகவே கொள்கின்றனர். அது தவறான எண்ணமாகும்.

இளையோரிடையே தற்கொலை அபாயத்தைக் கண்டறிய, அமெரிக்கத் தேசிய மனநல நிறுவகத்தின் ஆய்வாளர்கள் 2012 இல் நான்கு வினாக்களை வெளியிட்டனர். இறந்துவிட்டால் நல்லது என எண்ணியதுண்டா, தானில்லாவிட்டால் குடும்பம் நன்றாயிருக்கும் எனத் தோன்றியதா, உயிரை மாய்க்கும் எண்ணம் அண்மையில் வந்ததா, முன்னர் எப்போதாவது அதற்கு முயன்றதுண்டா என்பனவே அவை. சிறுவர்களுக்கான மூன்று அவசர சிகிச்சைப் பிரிவுகளில், 10 முதல் 21 வயது வரையான 524 பேரிடம் இவை சோதிக்கப்பட்டன. விரிவான வினாக்கொத்து அபாயத்தில் உள்ளோராகக் காட்டியவர்களில் நூற்றுக்கு 97 பேரை இந்நான்கு வினாக்களும் இனங்கண்டன. கேட்டு முடிக்க ஒரு நிமிடமும் செல்லாது.

கேட்பதால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிட மாட்டார்களா என்று சிலர் அஞ்சுவர். நியூயோர்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உயர்தரப் பாடசாலை மாணவரிடையே நடத்தப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வு, கேள்வியினால் துயரமோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை எனக் காட்டியது.

பெற்றோர் முன்னிலையில் ஒரு பதிலும், தனியே கேட்கும்போது வேறொரு பதிலும் சொல்லும் மாணவரை ஆசிரியராயிருந்த எவரும் அறிவர். குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டேன் என்பதைக் குடும்பத்தார் முன்னே எப்பிள்ளை சொல்லும்?

வேறோர் அச்சமும் எம்மிடம் உண்டு. இலங்கையில் தற்கொலை முயற்சி 1998 வரை தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. கனடாவிலோ அச்சட்டம் 1972 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளை 'ஆம்' என்று சொன்னால் அது குற்ற ஒப்புதல் அன்று. மேலும் ஆழமாக விசாரித்து உதவ வேண்டும் என்பதற்கான அறிகுறி மட்டுமே.

வைத்தியசாலைகளுக்கும் கடமைகள் உள. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் இவ்வாறு வினவுமாறு 2022 இல் பரிந்துரைத்தது. இங்கும் அவ்வாறே எல்லோரிடமும் கேட்கப்பட வேண்டும். எல்லோரையும் கேட்டால் எவருக்கும் இழுக்கில்லை. புதிதாக வந்த பிள்ளைக்குத் தமிழே இலகுவெனில், மாமாவையோ சித்தியையோ மொழிபெயர்க்க விடலாகாது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலாவது அழைத்தல் வேண்டும். தன் மனத்துயரைத் தன் தாய்க்குத் தானே மொழிபெயர்க்கும் கொடுமையும் எப்பிள்ளைக்கும் நேரலாகாது.

கேட்டறிந்த பின்னர், மாதக்கணக்கில் காத்திருக்கும்படி ஒரு கடதாசியைக் கையில் கொடுத்து அனுப்புவதாயின் கேட்டதில் பயனில்லை. தொடர் சிகிச்சைக்கு நிதி ஒதுக்குமாறு எமது சங்கங்கள் மாகாண அரசை வலியுறுத்த வேண்டும்.

வைத்தியசாலை வரை காத்திருக்கவும் தேவையில்லை. கனடாவில் 2023 நவம்பர் 30 முதல் 988 என்ற இலக்கம் இரவு பகலாக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இயங்குகின்றது. அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அந்த மூன்று இலக்கங்களும் எமது பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் மனனமாயிருக்க வேண்டும்.