பாட்டி விழுந்ததை ஏன் சொல்லவில்லை?

வயதானவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் சொல்லமாட்டார்கள். கேட்டாலும் மழுப்பிவிடுவார்கள்.

"ராத்திரி கால் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்பதுதான் அது!

முழங்கையில் சிராய்ப்பு இருக்கும். "இது என்ன, ஆத்தா?" என்று மகள் கேட்பாள். "கதவு இடித்துவிட்டது" என்று பதில் வரும்.

ஏன் இப்படி மறைக்கிறார்கள்? சொன்னால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

"பார்த்து நடக்கக்கூடாதா?" என்று மகன் அதட்டுவான். "பேசாமல் ஒரு மூலையில் உட்காருங்கள்" என்று மருமகள் சொல்வாள். மறுநாளிலிருந்து கடைக்குப் போகக்கூடாது. கோவிலுக்குப் போகக்கூடாது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கக்கூடாது. விழுந்த வலியைவிட இந்தக் காவல் பெரிய வலி!

ஆகவே வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த மௌனம்தான் ஆபத்து. ஒரு முறை விழுந்தவர், விழாதவரைவிட மறுபடியும் விழுவதற்கு அதிக வாய்ப்பு உண்டு. முதல் தடவை சிராய்ப்போடு போகும். அடுத்த தடவை இடுப்பு எலும்பு முறியும். இடுப்பு முறிந்த கிழவர் படுக்கையில் விழுகிறார். படுத்தால் சளி கட்டும், புண் வரும். பிறகு எழுந்திருக்காமலே போய்விடுகிறவர்கள் பலர்.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து சாகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டு இருக்கிறது. இவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

சினிமாவில் கிழவர் வழுக்கி விழுந்தால் நாம் சிரிக்கிறோம். இனிமேல் கொஞ்சம் யோசித்துச் சிரிக்கலாம்.

முதல் கேள்வி

ஜேனிஸ் மோர்ஸ் என்ற பெண்மணி நோயாளிகளைக் கவனிக்கும் முறை பற்றி ஆராய்ச்சி செய்தவர். கனடா நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஆராய்ந்து, 1989-ம் ஆண்டில் ஒரு மார்க் முறையை வெளியிட்டார். நோயாளி வந்ததும் நர்சு 6 விஷயங்களைப் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் மார்க் உண்டு. மார்க் கூடினால், "இவர் விழக்கூடியவர், ஜாக்கிரதை!" என்று பொருள்.

முதல் கேள்வி என்ன தெரியுமா? "கடந்த 3 மாதத்தில் விழுந்தீர்களா?" என்பதுதான். "ஆம்" என்றால் உடனே 25 மார்க்! கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டு இருந்தால் இன்னொரு 20. தடுமாறி நடந்தால் மேலும் 20. உலகத்தில் பல ஆஸ்பத்திரிகள் இந்த முறையைப் பின்பற்றுகின்றன.

இதற்கு மெஷின் வேண்டாம், மருந்து வேண்டாம். வாயைத் திறந்து கேட்டால் போதும். ஓ.பி. சீட்டில் பெயர் எழுதுகிறோம், வயது எழுதுகிறோம். 60 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் இந்த ஒரு வரியையும் எழுதினால் என்ன? எழுதவேண்டும் என்பது என் கட்சி.

கேட்கிற தொனியும் முக்கியம். "விழுந்தீர்களா?" என்று போலீஸ்காரர் மாதிரி கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும்!

தூங்கட்டும், பாவம்!

திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ம் ஆண்டு ஜனவரி மாதம் திறந்துவைக்கப்பட்டது. சின்னாளப்பட்டிப் பக்கம் காந்திகிராமத்தில் கஸ்தூர்பா ஆஸ்பத்திரி இருக்கிறது. வேடசந்தூர், நிலக்கோட்டை, வடமதுரை என்று சுற்றுப்பக்கத்து ஜனங்கள் பஸ் ஏறி திண்டுக்கல்லுக்கு வைத்தியத்துக்கு வருகிறார்கள். காய்ச்சலுக்கு வருவார்கள், மூச்சுத் திணறலுக்கு வருவார்கள், சர்க்கரைக்கு வருவார்கள். விழுவதற்காக யாரும் வருவதில்லை. ஆனால் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் வந்த இடத்தில் விழுந்துவிடுகிறவர்கள் உண்டு.

எப்படி?

ராத்திரி 2 மணி. பாட்டிக்குக் கக்கூசுக்குப் போகவேண்டும். மகள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து இருக்கிறாள். பகலெல்லாம் மருந்துக்கும், எக்ஸ்ரேக்கும் அலைந்தவள். "பாவம், தூங்கட்டும்" என்று பாட்டி நினைக்கிறாள். அவளே இறங்குகிறாள். கட்டிலோ உயரம். கால் தரையில் படுவதற்குள் நழுவுகிறது. அல்லது எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறது. அல்லது குளுக்கோஸ் குழாய் காலில் சிக்குகிறது.

மகள் மேல் உள்ள பாசமே பாட்டியைத் தள்ளிவிடுகிறது!

நம் ஊரில் நோயாளிக்குத் துணை இருக்கிறவர் பாதி நர்சு. ஆனால் அவருக்கு யார் பாடம் சொல்கிறார்கள்? "உன் அம்மா எழுந்தால் உன்னை எழுப்பச் சொல். நீயே 10 மணிக்கும் 2 மணிக்கும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போ" என்று வார்டு நர்சு ஒரு வார்த்தை சொன்னால் ஒரு எலும்பு தப்பும். ஒரு முனையை மகள் கையிலும், மறு முனையைக் கட்டில் கம்பியிலும் கட்டிய ஒரு துண்டுத் துணி போதும். பாட்டி இழுத்தால் மகள் விழித்துக்கொள்வாள்.

கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி போட்டுவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். புத்தி கலங்கிய கிழவர் அந்தக் கம்பியை ஏறித் தாண்டப் பார்ப்பார். இன்னும் உயரத்திலிருந்து விழுவார்! கையைக் காலைக் கட்டிப்போடுவது அதைவிட மோசம்.

மாத்திரையும் தள்ளும்

படுத்து இருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்குகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் ஒரு கணம் குறைகிறது. கண் இருட்டுகிறது. ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது அதிகம். தூக்க மாத்திரையும் தள்ளாட வைக்கும். நீர் பிரியும் மாத்திரையை ராத்திரியில் சாப்பிட்டால் அடிக்கடி எழுந்து ஓடவேண்டியதுதான்.

அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்! "தலை சுற்றுகிறது, விழுந்தேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அளவையோ நேரத்தையோ அவர் மாற்றித் தருவார். எழும்போது காலைத் தொங்கப் போட்டு 2 நிமிடம் உட்கார்ந்துவிட்டு, பிறகு நிற்கவேண்டும்.

கண்ணையும் மறக்கக்கூடாது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்தில் 70 வயது தாண்டிய பெண்களை வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்தது. 2005-ல் முடிவு வெளியாயிற்று. ஒரு கண்ணில் புரை எடுத்தவர்கள் விழுவது சுமார் 3-ல் 1 பங்கு குறைந்தது! "இந்த வயசிலே கண் ஆபரேஷன் எதற்கு?" என்று கேட்கும் மகன்கள் கவனிக்கவும்.

ட்ரம்மும் வாசற்படியும்

திண்டுக்கல் வட்டாரத்துத் தண்ணீர்க் கஷ்டம் தெரிந்ததே. தண்ணீர் வருகிற நாளில் ட்ரம், குடம், அண்டா எல்லாம் நிரம்பும். முற்றத்தில் கால் வைக்க இடம் இருக்காது. தரை நாள் முழுவதும் ஈரம், பிறகு பாசி. பாட்டி நடக்கிற வழியில் குடம் வைக்காதீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் குளியலறையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பி பதியுங்கள். கொத்தனாருக்கு அரை நாள் வேலை.

இன்னொன்று. ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடுகிறார்கள். வீடு பள்ளத்துக்குப் போகிறது. வாசற்படி ஒழுங்கில்லாமல் ஆகிறது. இதில் தடுக்கி விழுகிற கிழவரை "கவனம் இல்லாதவர்" என்று திட்டுவது நியாயமா?

மூலையில் உட்காரவைப்பதும் வைத்தியம் அல்ல. உட்கார்ந்தே இருந்தால் கால் சதை மெலியும், நாளை நிற்கும்போதே சாய்வார். கால் பலத்துக்கும், நிதானமாக நிற்பதற்கும் பயிற்சி செய்கிறவர்கள் விழுவது சுமார் கால் பங்கு குறைகிறது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை வைத்தியமும் வீட்டுக்கே வருகிறது. கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் செய்து, அப்படியும் விழுந்துவிட்டால்?

கக்கத்தில் கை கொடுத்து வெடுக்கென்று தூக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து இருந்தால் இடுப்பு முறிந்து இருக்கலாம். மாவுக்கட்டு, மூங்கில் கட்டு என்று அலைந்தால் நாள்தான் வீணாகும். அசைக்காமல் படுக்கவைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் இறங்கியதும், என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார், இதற்கு முன் எப்போது விழுந்தார் என்ற இரண்டையும் டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.