‘சனியைத் தாண்டியாச்சு கண்ணு!’ - கேரவன் ஓட்டிய அத்தை

கேரவன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு ஷூட்டிங் ஸ்பாட்தான். உள்ளே ஹீரோ ஏ.சி-யில் இருப்பார், வெளியே ஒருவர் குடையோடு நிற்பார். அதனால் சிட்னியில் இருக்கும் என் அத்தை போன ஏப்ரலில் போன் செய்து, “நானும் மாமாவும் கேரவன் எடுத்துக்கிட்டு ஒரு மாசம் ஊர் சுத்தப் போறோம் கண்ணு” என்றதும், “என்ன அத்தை, சினிமாவுல சேர்ந்துட்டீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

அங்கே கேரவன் என்றால் வேறு. அதற்கு இன்ஜின் கிடையாது. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் வைத்த ஒரு குட்டி வீட்டுக்குச் சக்கரம் மாட்டி, காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப்போகிறார்கள். ரிட்டயர் ஆனதும் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் இப்படிக் கிளம்பிவிடுபவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் ‘கிரே நோமேட்ஸ்’ என்றே பெயர். நரைமுடி நாடோடிகள்!

மாமாவுக்கு இது பல வருடக் கனவு. கரூர்க்காரர். பஸ் பாடி கட்டும் பட்டறைகளை வேடிக்கை பார்த்தே வளர்ந்தவர். பழைய கேரவன் ஒன்றை வாங்கி, உள்ளே அலமாரி முதல் அஞ்சறைப்பெட்டி வைக்கும் தட்டு வரை தன் கையாலேயே செய்தார். அத்தைக்கு இதில் பெரிய ஆசையெல்லாம் இல்லை. “ஒரு மாசம் பாத்ரூமை மடியில வெச்சுக்கிட்டுப் போற மாதிரிதான்” என்றார். ஆனாலும் கிளம்பினார். ஃப்ரிட்ஜ் கதவில் தமிழில் ஒரு பட்டியல் ஒட்டினார். கேஸ் மூடியாச்சா, ஜன்னல் சாத்தியாச்சா, படிக்கட்டு மடிச்சாச்சா, சங்கிலி மாட்டியாச்சா...

கடற்கரைப் பக்கம் எல்லோரும் போவார்கள் என்று மாமா உள்நாட்டுப் பாதையைத் தேர்ந்தெடுத்தார். நீல மலைகளை ஏறி இறங்கி, பாதர்ஸ்ட், ஆரஞ்ச் வழியாக பார்க்ஸ். அங்கிருந்து நியூவெல் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே மோரீ வரை. பார்க்ஸிலிருந்து மோரீக்கு மட்டும் சுமார் 500 கிலோமீட்டர். இருபுறமும் கோதுமை வயல், செம்மறி ஆடு, வானம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு அகலமான வீதி, ஒரு பேக்கரி, ஒரு போர் நினைவுச் சின்னம்.

அத்தை தினமும் சாயங்காலம் வீடியோ கால் செய்வார். நான் டிஜிட்டல் டெஸ்க்கில் மதிய ஷிஃப்ட்டில், ‘எந்தெந்த மாவட்டங்களில் மழை?’ என்று அடித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு டீ பிரேக்.

பார்க்ஸில் ஆட்டு மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே 64 மீட்டர் அகலத்தில் ஒரு பெரிய கிண்ணம் நிற்கிறது. 1961-ல் திறந்த ரேடியோ தொலைநோக்கி. 1969-ல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் நடந்ததை உலகம் டி.வி-யில் பார்த்ததே, அந்தப் படத்தின் பெரும்பகுதி இந்தக் கிண்ணம் பிடித்துக்கொடுத்ததுதான். மாமா அதன் முன்னால் நின்று அரை மணி நேரம் நகரவில்லையாம். அத்தை அங்கிருந்த ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தாராம்.

இந்த ஊர்களைப் பற்றி மாமா சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. பல சின்ன ஊர்களில், ‘கேரவன்காரர்களே வாங்க’ என்று பலகை வைத்து வரவேற்கிறார்கள். தண்ணீர் பிடிக்க ஒரு குழாய், கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்ய ஓரிடம், ராத்திரி வண்டி நிறுத்த இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ ஒரு மைதானம். சும்மா இல்லை. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்ட ஊரில், வந்து தங்குபவர் ரொட்டியும் பாலும் டீசலும் வாங்கினால்தான் கடைகள் ஓடும். அத்தையும் தன் பங்குக்கு எந்த ஊர் பேக்கரியையும் விடவில்லை. கிராமத்துப் பெண்கள் சங்கம் ஒன்று 1922-லிருந்து அங்கே இருக்கிறது. அவர்கள் சுடும் ஸ்கோன் என்ற பன்னுக்கு ஜாமும் க்ரீமும் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, “நம்ம ஊரு தேங்கா பன்னுக்கு அப்புறம் இதுதான்” என்று தீர்ப்பு சொன்னார்.

கில்காண்ட்ராவில்தான் எல்லாம் நின்றது.

காலையில் மாமா கட்டிலிலிருந்து எழுந்ததும் கேரவன் சுற்றியிருக்கிறது. பிடித்துக்கொள்ள அலமாரியைத் தேடி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாந்தி வேறு. பக்கத்து கேரவன்காரர்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். இதயத்துக்கு ஒன்றுமில்லை, மூளைக்கும் ஒன்றுமில்லை. உள்காதில் இருக்கும் நுண்ணிய துகள்கள் இடம் மாறியதால் வந்த தலைச்சுற்றல். டாக்டர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து ஒரு பயிற்சி கொடுத்தார், சீக்கிரம் சரியாகிவிடும் என்றார். ஆனால் சுற்றல் முழுக்க நிற்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

அன்று வீடியோ காலில் அத்தை முகத்தைப் பார்த்து எனக்கு அடிவயிறு கலங்கியது. என் அத்தை மகனோ, “வண்டியை அங்கயே விட்டுட்டு, யாரையாச்சும் டப்போ வரைக்கும் கொண்டுபோய் விடச் சொல்லுங்க. அங்கிருந்து ரயில்ல வந்துடுங்க” என்று சொல்லிவிட்டான். சரியான யோசனைதான். மாமாவும் தலையாட்டிவிட்டார்.

அத்தைதான், “நான் ஓட்டறேனுங்க” என்று சொல்லியிருக்கிறார்.

இருபத்தைந்து வருடமாக அத்தையிடம் லைசென்ஸ் இருக்கிறது. கேரவன் இழுக்கத் தனி லைசென்ஸும் அங்கே தேவையில்லை, சாதாரண கார் லைசென்ஸ் போதும். ஆனால் அத்தை ஓட்டியதெல்லாம் மளிகைக் கடை, கோயில், பேரனின் ஸ்கூல். நெடுஞ்சாலை என்றால் ஸ்டியரிங் மாமாவுடையது. யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே பழகிவிட்டது. மாமா படுத்த படுக்கையிலிருந்து, “உன்னால ஆகாது அம்மிணி, விடு” என்றார். அக்கறையில் சொன்னதுதான். “அந்த ‘ஆகாது’தான் கண்ணு எனக்குத் தூக்கமே வரவிடல” என்றார் அத்தை என்னிடம்.

கேரவன் இழுப்பதில் நேராகப் போவதுகூடச் சமாளித்துவிடலாம். ரிவர்ஸ்தான் வில்லன். கார் ஒரு பக்கம் திரும்பினால் கேரவன் எதிர்ப்பக்கம் போகும். கேரவன் பார்க்குகளில் சாயங்காலமானால் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புதிதாக வருகிற ஜோடி ரிவர்ஸ் எடுப்பதைத்தான் வேடிக்கை பார்ப்பார்களாம். கணவர் உள்ளே, மனைவி பின்னால் நின்று கையசைக்க, “எந்தப் பக்கம்னு சொல்லு!”, “அந்தப் பக்கம்னு சொன்னேனே!” எனக் கச்சேரி களைகட்டும். டிக்கெட் இல்லாத சீரியல்.

நாலு வண்டி தள்ளி, எழுபது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தனியாகத் தங்கியிருந்தார். கணவர் இறந்து ஐந்து வருடமாகிறது. கேரவனை விற்க மனசு வராமல் அவரே இழுத்துக்கொண்டு திரிகிறார். அத்தை கதையைக் கேட்டதும், “காலையில் எட்டு மணிக்கு வா” என்றாராம். காலியான இரண்டு பெயின்ட் டப்பாக்களோடு காத்திருந்தார்.

அவர் சொல்லிக்கொடுத்ததை அத்தை எனக்கும் சொன்னார். ஸ்டியரிங்கின் மேல்பக்கத்தைப் பிடிக்காதே, அடிப்பக்கத்தைப் பிடி. கேரவனின் பின்பக்கம் எந்தத் திசையில் போக வேண்டுமோ, கையை அந்தத் திசையில் நகர்த்து. இடது போகணுமா, கையை இடது நகர்த்து. அவ்வளவுதான், மூளை குழம்பாது. கொஞ்சமாக நகர்த்து, மெதுவாகப் போ, கோணல் அதிகமானால் முன்னால் இழுத்துவிட்டு மறுபடி ஆரம்பி. சாலையில் கேரவன் வாலாட்ட ஆரம்பித்தால் பதறி பிரேக்கை மிதிக்காதே. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு, கேரவனுக்கென்று தனியாக இருக்கும் பிரேக்கை மட்டும் கையால் லேசாகக் கொடு.

முதல் நாள் இரண்டு டப்பாவும் நசுங்கின. இரண்டாம் நாள் ஒன்று. “மூணாவது நாள் அந்தப் பாட்டி டப்பாவைத் தூக்கிட்டு என் காபி கப்பை வெச்சுட்டாங்க கண்ணு. நம்ம ஊர்ல இருந்து கொண்டுபோன எவர்சில்வர் டம்ளர்!” டம்ளர் தப்பித்தது.

நான்காம் நாள் கிளம்பினார்கள். கில்காண்ட்ராவிலிருந்து கூனபராப்ரான், 95 கிலோமீட்டர் சொச்சம். அத்தை 80-க்கு மேல் போகவில்லை. மாமா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். அந்தச் சாலையில் 36.5 மீட்டர் நீள லாரிகள் ஓடுகின்றன. ஒரு ட்ரக்குக்குப் பின்னால் தொட்டி மேல் தொட்டியாகக் கோத்த ரயில் மாதிரி. அது கடக்கும்போது காற்று கேரவனை ஒருமுறை தள்ளி, பிறகு இழுக்கும். அங்கே லாரிக்காரர்கள் வாக்கி-டாக்கி மாதிரி ஒரு ரேடியோவில் 40-ம் சேனலில் பேசிக்கொள்வார்கள். பின்னால் வந்த ஒரு டிரைவர் அதில், ‘நான் இப்போது கடக்கப்போகிறேன், நீங்க அப்படியே நேரா வாங்க’ என்றார். அத்தை கையைப் பிடித்த பிடியில் நேராகவே போனார். லாரி தாண்டியதும் ரேடியோவில் ஒரு நன்றி வந்தது. மாமா அப்போதுதான் மூச்சுவிட்டாராம்.

அந்த வழியில் ஒரு வேடிக்கை உண்டு. கூனபராப்ரான் பக்கத்தில் மலைமேல் சைடிங் ஸ்பிரிங் வானாய்வகம் இருக்கிறது. அதன் பெரிய குவிமாடத்தைச் சூரியனாக வைத்து, சூரியக் குடும்பத்தை 3.8 கோடி மடங்கு சுருக்கி, சாலையோரங்களில் கிரகங்களைப் பலகையாக நட்டிருக்கிறார்கள். டப்போவில் புளூட்டோ. ஊரை நெருங்க நெருங்க உள்கிரகங்கள். அத்தைக்கு ஜாதகத்தில் ஏழரை நடக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் போனை எடுத்ததும் கேட்ட முதல் வாக்கியம் இதுதான்:

“சனியைத் தாண்டியாச்சு கண்ணு!”

திரும்பிப் பார்த்தால் மாமா தூங்கிக்கொண்டிருந்தாராம். காரில் எப்போதும் தூங்காத மனுஷன்.

அதன்பிறகு நராப்ரை. சாலையோரம் முழுக்கப் பருத்தி. அறுவடை நேரம். லாரியிலிருந்து பறந்த பஞ்சு புல் மேல் பனி மாதிரி ஒட்டியிருந்தது. கரூர்க்காரர்களுக்குப் பஞ்சைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா? வண்டியை ஓரம் கட்டி இறங்கி, மாமா ஒரு பிடி பஞ்சைத் திரித்துப் பார்த்தார். “இழை நல்ல நீளம்” என்று சான்றிதழும் கொடுத்தார். ஆனால் வயலில் ஓர் ஆள்கூட இல்லை என்பதுதான் அவரால் நம்ப முடியாதது. எடுப்பது, உருட்டுவது, பிளாஸ்டிக் சுற்றிக் கட்டுவது எல்லாமே ஒரே மெஷின்.

மோரீயில் வெந்நீர்க் குளம். 1895-ல் விவசாயத்துக்காகத் துளை போட்டபோது பூமிக்கடியிலிருந்து சுடுதண்ணீர் வந்திருக்கிறது. இன்றும் 41 டிகிரியில் வருகிறது. அதே மோரீ குளத்தில் ஒரு காலத்தில் அந்த மண்ணின் பூர்வகுடிகளை இறங்க விட மாட்டார்கள். 1965-ல் சார்லஸ் பெர்கின்ஸ் என்ற பூர்வகுடி மாணவர், சிட்னி பல்கலைக்கழக மாணவர்களோடு பஸ்ஸில் வந்து, பூர்வகுடிக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு குளத்து வாசலில் நின்றார். கல்லும் முட்டையும் தக்காளியும் பறந்தன. அத்தை அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க பாட்டி வீட்டுத் திண்ணையில ரெண்டு டம்ளர் தனியாக் கவுத்து வெச்சிருக்கும், ஞாபகம் வந்துச்சு” என்று மட்டும் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை.

மாமாவுக்குத் தலைச்சுற்றல் நின்றுவிட்டது. திரும்பும்போது பாதி தூரம் அவர், பாதி தூரம் இவர். மோரீயில் தங்கிய கேரவன் பார்க்கில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த இடத்தில் அத்தைதான் ரிவர்ஸ் எடுத்தார். நாற்காலி போட்டு ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமா பின்னால் நின்று கையசைத்தார். மூன்றாவது முயற்சியில் உள்ளே போனது. யாரும் கைதட்டவில்லை, ஒரு பெரியவர் மட்டும் பீர் டின்னைத் தூக்கிக் காட்டினார்.

“மாமா கரெக்டா சைகை காட்டினாரா அத்தை?”

“எங்க கண்ணு! வலதுன்னா இடதக் காட்டறாரு. நான் பாக்கவே இல்ல” என்றார்.

பின்னாலிருந்து மாமாவின் குரல்: “அம்மிணி, படிக்கட்டை மடிக்காமயே வந்திருக்கோம்!”